புளூம்ஃபொன்டைன் அருகே கேரவனுடன் மூன்று இரவு: எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: சாட்ஸ்வர்த் வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கிறோம். எங்கள் மூத்த மகள் இந்த ஆண்டு புளூம்ஃபொன்டைனில் ஓர் அரசு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கு இப்போது விடுமுறை கிடைப்பது அரிது. எனவே ஜூலை மாதக் குளிர்காலப் பள்ளி விடுமுறையில் நாங்களே அவளைப் பார்க்கப் போவதென்று வீட்டில் பேசி முடித்திருக்கிறோம். அவள் தங்கியிருப்பது ஒற்றை அறை. நாங்கள் நானும் என் மனைவியும் இரண்டு சிறுவர்களும் எழுபத்தெட்டு வயதான என் அப்பாவுமாக ஐந்து பேர். சென்ற டிசம்பரில் நண்பர் ஒருவரிடமிருந்து காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய ஸ்ப்ரைட் கேரவன் ஒன்றை வாங்கினோம். இதுவரை ஸ்காட்பர்க் கடற்கரையில் இரண்டு முறை, அதுவும் வெயில் காலத்தில், தங்கியதைத் தவிர வேறு அனுபவம் எங்களுக்கு இல்லை.

மூன்று இரவுகள் தங்குவதாகத் திட்டம். இணையத்தில் தேடினால் எல்லா இடங்களும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. பச்சைப் புல், நீச்சல் குளம், இறைச்சி சுடும் அடுப்பு, சிரிக்கும் குழந்தைகள் என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது போல இருக்கிறது. என்1 நெடுஞ்சாலையை ஒட்டிச் சில இடங்கள் உள்ளன. நகருக்கு வடகிழக்கே மோடர் ஆற்றங்கரையில் சில உள்ளன. நகருக்கு வெளியே பண்ணை வீடுகளில் நான்கைந்து கேரவன்களுக்கு மட்டும் இடம் தருகிறவர்களும் இருக்கிறார்கள். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. மகளின் மருத்துவமனை நகரின் கிழக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆற்றங்கரைதான் வசதி என்று எனக்குத் தோன்றுகிறது. என் மனைவிக்கோ, நெடுஞ்சாலைக்கு அருகில் இருந்தால் அவசரத்துக்கு நல்லது என்ற எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இந்தப் பயணத்தில் மனம் ஒட்டவில்லை. பேத்தியைப் பார்க்க ஆசைதான், ஆனால் புளூம்ஃபொன்டைன் இருக்கும் மாகாணத்தைச் சொல்லி, "ஃப்ரீ ஸ்டேட்டில் ராத்திரி தங்குவதா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். காலம் மாறிவிட்டது என்று நான் சொன்னதற்கு அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் கேரவனுடன் போய் வந்தவர்கள், எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்

தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கேரவன் இழுத்துக்கொண்டிருக்கிறேன், புளூம்ஃபொன்டைன் வழியாக மட்டும் ஏழெட்டு முறை போயிருக்கிறேன். நீங்கள் பகலை வைத்து இடம் தேடுகிறீர்கள். ஜூலை மாதத்தில் அந்தப் புல்வெளி நாட்டில் இடத்தை இரவை வைத்துத்தான் தேட வேண்டும். பகலில் வானம் நீலமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும், எங்கே நிறுத்தினாலும் சொர்க்கம் போலத்தான் தோன்றும். மாலை ஐந்தரைக்குச் சூரியன் மறைந்த பிறகு வெப்பம் மளமளவென்று இறங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், மேகமே இல்லாத வறண்ட வானத்தின் கீழே, அந்த மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் ஒரு சொட்டுக்கூட வைத்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் உறைநிலைக்குக் கீழே போவது அங்கே வழக்கமான செய்தி. டர்பன் குளிரை வைத்து இதைக் கணக்கிடாதீர்கள்.

அதனால்தான் ஆற்றங்கரை வேண்டாம் என்கிறேன். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவுகளில் இறங்கி வந்து ஆற்றோரப் பள்ளங்களில் குளம் போலத் தேங்கி நிற்கும். ஒரு ஜூலையில் நாங்கள் ஆற்றை ஒட்டிய புல்தரையில் தங்கினோம். காலையில் கதவைத் திறந்தால், கயிறு, நாற்காலி, துண்டு, மகனின் பந்து எல்லாவற்றின் மீதும் வெள்ளைப் பொடி தூவியது போல உறைபனி. ராத்திரி வெளியே மறந்து வைத்த துண்டை எடுத்தேன், பலகை போல விறைத்து நின்றது. அதே காலையில் முந்நூறு மீட்டர் தள்ளி மேட்டில் நிறுத்தியிருந்தவர்களின் கூரையில் பனி ஒரு மெல்லிய படலம்தான். ஆற்றங்கரை இடங்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அருமையானவை. அப்போது குடும்பத்தோடு தாராளமாகப் போங்கள். பெரியவரை வைத்துக்கொண்டு ஜூலையில் மேட்டு நிலத்தைத் தேடுங்கள்.

இடம் கிடைத்ததும் கேரவனை எந்தத் திசையில் நிறுத்துவது என்பதையும் பாருங்கள். நம் நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் ஓடுகிறது. கதவும் பெரிய சன்னலும் வடகிழக்கைப் பார்த்திருந்தால், ஏழேகால் மணிக்கு மேல் வரும் முதல் வெயில் நேராக உள்ளே விழும். அப்பாவின் படுக்கையை அந்தப் பக்கமாகப் போடுங்கள். தெற்கே ஒரு சுவரோ அடர்ந்த வேலியோ இருந்தால் குளிர் காற்று தடுபடும். யூகலிப்டஸ் மரத்தின் அடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். காற்றே இல்லாத நாளில்கூட அந்த மரம் பெருங்கிளையை முறித்துப் போடும்.

அடுத்து, நேரம். டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டைன் ஏறத்தாழ 630 கிலோமீட்டர். என்3 வழியாக ஹாரிஸ்மித், அங்கிருந்து என்5 வழியாக பெத்லஹேம், செனெகல், வின்பர்க், பிறகு என்1 வழியாகத் தெற்கே. கேரவனோடு எண்பதில் போனால், நிறுத்தி நிறுத்திப் போக வேண்டிய குழந்தைகளும் பெரியவரும் வண்டியில் இருக்கும்போது, ஒரே நாளில் வெளிச்சத்துக்குள் போய்ச் சேர முடியாது. என்5 சாலையில் லாரிகள் அதிகம், குழிகளும் உண்டு, இருட்டிய பிறகு அந்தக் குழிகள் கண்ணுக்குத் தெரியாது. கேரவனின் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் அச்சே வளைந்துவிடும். முதல் இரவை மலைக்குக் கீழே, லேடிஸ்மித் அல்லது வின்டர்ட்டன் பக்கம் கழியுங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பனிமூட்டம் கலைந்த பிறகு வான் ரீனன் கணவாயில் ஏறினால், மாலை மூன்று நான்கு மணிக்குள் நிம்மதியாகப் போய்ச் சேரலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பாருங்கள். 2024 செப்டம்பரில், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில், அந்தக் கணவாயில் பெய்த பனியில் என்3 மூடப்பட்டு, எத்தனையோ வண்டிகள் இரவு முழுக்கச் சாலையிலேயே நின்றன.

இருட்டுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பல இடங்களில் மாலை ஆறு மணிக்கு வாயிலைப் பூட்டிவிடுவார்கள். ஒரு முறை ஏழரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தேன், யாரும் எடுக்கவில்லை. அன்றிரவு ஒரு பெட்ரோல் நிலையத்தின் விளக்கொளியில், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே குடும்பத்தோடு படுத்துக் கிடந்தோம். பதிவு செய்யும்போதே வாயில் எப்போது மூடப்படும், பிந்தினால் யாரை அழைப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். பி என்று மட்டும் இருந்தால் மொத்த எடை 750 கிலோ வரையுள்ள இழுவண்டியைத்தான் இழுக்கலாம். ஸ்ப்ரைட் கேரவன்களில் பெரும்பாலானவை அதற்கு மேல் போகும். அவற்றுக்கு ஈபி வேண்டும். கேரவனின் எடை அதன் முன்பக்கத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும்.

பதில் 2: புளூம்ஃபொன்டைன் அக்கா

வணக்கம் தம்பி. நான் டொங்காட்டில் பிறந்தவள், கணவரின் வேலைக்காக இங்கே வந்து பதினான்கு ஆண்டுகளாகின்றன. எங்களிடம் கேரவன் கிடையாது. ஆனால் ஒவ்வொரு விடுமுறையிலும் யாராவது உறவினர் கேரவனோடு வந்து இறங்குவார்கள், அவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலையாகவே ஆகிவிட்டது. அண்ணன் சொன்னது அனைத்தும் சரி. உள்ளூர்க்காரியாகச் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலில் தண்ணீர். இந்த நகரத்தின் தண்ணீரில் ஒரு பெரும் பகுதி கலெடன் ஆற்றில் உள்ள வெல்பெடாக்ட் அணையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் வருகிறது. அந்த அணையோ வண்டல் படிந்து மேடேறிப்போனது. குழாயில் எங்கே உடைப்பு ஏற்பட்டாலும் இங்கே வீட்டுக் குழாய்கள் காற்றைத்தான் ஊதும். ஆகவே இடத்தை விசாரிக்கும்போது "உங்களிடம் சொந்த ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா, தண்ணீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டி எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். பண்ணை இடங்களில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். நான் என் உறவினர்களைப் பண்ணை இடங்களுக்கு அனுப்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

குளியலறையைப் பற்றியும் கேளுங்கள். இங்கே பலர் வெந்நீர் இருக்கிறது என்று சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் காலை ஏழு மணிக்கு எட்டுக் குடும்பங்கள் வரிசையில் நிற்கும்போது அது யாருக்கு எட்டும் என்பதுதான் கேள்வி. வெந்நீர் மின்சாரத்திலா, எரிவாயுவிலா, விறகுக் கொதிகலனிலா என்று கேளுங்கள். விறகுக் கொதிகலன் உள்ள இடத்தில் மின்சாரம் போனாலும் குளிக்கலாம். குளியல் கட்டடத்துக்கும் உங்கள் கேரவன் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். உங்கள் அப்பா இரவில் இரண்டு முறையாவது எழுந்து போக வேண்டியிருக்கும். உறைபனி படிந்த புல் வழுக்கும். வெளிச்சமும் சிமென்ட் நடைபாதையும் உள்ள இடமாக, முப்பது நாற்பது அடிக்குள் இருந்தால் நல்லது.

தீயைப் பற்றி இணையத்தில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். ஜூலையிலிருந்து மழை வரும் வரை இங்குள்ள புல் வைக்கோலாகக் காய்ந்து கிடக்கும். சிவப்புப் புல் என்று சொல்லும் ரூய்க்ராஸ் இடுப்பளவு நிற்கும் இடங்கள் உண்டு. ஆகஸ்டில் காற்று எழுந்தால் ஒரு பொறி போதும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், எங்கள் உறவினர் தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து வயலில் நெருப்பு பிடித்ததை நான் நேரில் பார்த்தேன். புகை முதலில் வெள்ளையாக இருந்தது, பிறகு கறுத்தது, அதன் பிறகு சடசடவென்ற சத்தம் கேட்டது, நாங்கள் கேரவனைக் காரில் மாட்டி முடிப்பதற்குள் சாம்பல் தலைமேல் விழ ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தை அன்று காப்பாற்றியது வேலியைச் சுற்றி உரிமையாளர் உழுது வைத்திருந்த அகலமான வெறும் மண் பட்டைதான், நெருப்பு அதன் விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது. எனவே, போய் இறங்கியதும் வேலியோரம் நடந்து பாருங்கள். புல் வேலிக்கு வெளியே உயரமாக நின்று, உள்ளேயும் அப்படியே தொடர்ந்தால், பணம் கொடுத்திருந்தாலும் வேறு இடம் தேடுங்கள். கேரவனை இழுவைக் கொக்கி வாயிலைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள்.

சமையலைப் பற்றி உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனில் வேகும் நேரத்தில் துவரம்பருப்பு இங்கே வேகாது. பிரஷர் குக்கரைக் கட்டாயம் எடுத்து வரச் சொல்லுங்கள். காய்கறி, கறிவேப்பிலை, தூள் வகைகளை அங்கிருந்தே கொண்டு வாருங்கள், கறிவேப்பிலை இங்கே எளிதில் கிடைக்காது.

நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களைப் பற்றி உங்கள் மனைவி நினைப்பதில் தவறில்லை. அவை கேப் டவுனுக்குப் போகிறவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்து போவதற்கென்றே அமைந்தவை. ஒரு இரவுக்கு அவை போதும். மூன்று இரவுக்கு லாரிச் சத்தம் பெரியவரைத் தூங்க விடாது. மருத்துவமனைக்கு மேற்கிலிருந்து வந்தாலும் கிழக்கிலிருந்து வந்தாலும் காரில் கால் மணி, இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகாது, ஆகவே கிழக்கு மேற்கு என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சாட்ஸ்வர்த் வாசி

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. உரிமத்தை எடுத்துப் பார்த்தேன், ஈபி என்றே இருக்கிறது. ஆற்றங்கரையைக் கைவிட்டுவிட்டேன். கணவாய்க்கு அப்பால் கோல்டன் கேட் தேசியப் பூங்காவில் ஒரு இரவு நின்றால் சிறுவர்களுக்கு மலைகளைக் காட்டலாமே என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது சரிவருமா? கேரவனுக்குள் சூடேற்றுவதற்கு எது நல்லது என்பதையும் சொல்லுங்கள். என்னிடம் ஒரு மின்சார ஹீட்டரும் ஒரு சிறு எரிவாயு ஹீட்டரும் இருக்கின்றன.

பதில் 1: பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணன்

கோல்டன் கேட்டில் க்ளென் ரீனன் முகாம் மிக அழகான இடம், அந்த மணற்பாறைகள் மாலை வெயிலில் பொன்னாக மின்னுவதை எல்லோரும் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். ஆனால் அது புளூம்ஃபொன்டைனைவிடவும் உயரத்தில் இருக்கிறது, ஜூலையில் அங்கே பனியே பெய்யக்கூடும். அப்பா இல்லாமல், ஏப்ரலில் போங்கள்.

சூடேற்றுவதைப் பற்றிக் கவனமாகப் படியுங்கள். அடுப்புக் கரியை எந்தக் காரணம் கொண்டும் கேரவனுக்குள் கொண்டுபோகாதீர்கள். தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது, தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். எரிவாயு ஹீட்டரையும் தூங்கும்போது எரிய விடாதீர்கள். எரியும் நேரத்திலும் கூரைச் சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். சிலிண்டரில் பியூட்டேன் அதிகம் இருந்தால் உறைநிலையை ஒட்டிய காலைகளில் அது வாயுவாக மாறாது, அடுப்பு மெழுகுவர்த்தி போல மங்கி எரியும். சிலிண்டரை இரவில் தரையில் வைக்காமல் பலகை மேல், காற்றுப் படாத மறைவில், ஆனால் கேரவனுக்கு வெளியே வையுங்கள்.

மின்சாரத்தில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. கேரவன் இடங்களில் கொடுக்கும் நீல நிற மூன்று முள் பிளக்கில் பொதுவாக 16 ஆம்பியர் வரைதான் தாங்கும். 230 வோல்ட்டில் அது 3,680 வாட். உங்கள் கெட்டில் 2,000, ஹீட்டர் 2,000. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும், அதைப் போடுவதற்கு உறைபனியில் வெளியே நடக்க வேண்டியது நீங்கள்தான். 1,000 வாட் எண்ணெய் ஹீட்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு மின்சாரப் போர்வை போடுங்கள், அது நூறு வாட்கூட இழுக்காது. நீட்டிப்புக் கம்பியை உருளையில் சுற்றியபடி பயன்படுத்தாதீர்கள், சுற்றிய கம்பி சூடேறி உருகிவிடும், முழுவதும் விரித்துப் போடுங்கள். அங்கே இரவு படுக்கும் முன் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வடித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழாயில் நிற்கும் தண்ணீர் உறைந்தால் காலைத் தேநீருக்கு ஒன்பது மணியாகிவிடும்.

பதில் 3: லேடிஸ்மித் பெரியவர்

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டே வந்தேன். தம்பியின் அப்பா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அவர் ஏதோ வயதான பயத்தில் கேட்கவில்லை. ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் அரசு 1891இல் இயற்றிய சட்டப்படி இந்தியர் யாரும் அந்த மண்ணில் குடியிருக்கவோ, நிலம் வாங்கவோ, கடை வைக்கவோ கூடாது. அந்தத் தடை 1986இல்தான் நீக்கப்பட்டது. தொண்ணூற்றைந்து ஆண்டுகள். கடந்து போகலாம், தங்கக் கூடாது என்பதுதான் நாங்கள் வளர்ந்த காலத்து விதி. அதற்கு மேல், 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990 வரை இருந்ததால், கேரவன் இடங்கள், கடற்கரைகள், கழிப்பறைகள் எல்லாம் வெள்ளையருக்குத் தனி, நமக்குத் தனி, பெரும்பாலும் நமக்கு இல்லவே இல்லை.

என் பெரியப்பா கிம்பர்லியில் கடை வைத்திருந்தார். கிம்பர்லி கேப் மாகாணத்தில் இருந்ததால் அங்கே நம்மவர்கள் வாழ முடிந்தது. ஆனால் நாங்கள் இருந்த நேட்டால் மாகாணத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் ஃப்ரீ ஸ்டேட் முழுவதையும் ஒரே மூச்சில் தாண்டியாக வேண்டும். 1964இல், எனக்குப் பத்து வயது, பெரியப்பாவின் மகள் கல்யாணத்துக்குப் போனோம். லேடிஸ்மித்தில் அத்தை வீட்டில் முன்னிரவு தூங்கி, விடியற்காலை மூன்று மணிக்கு அப்பா காரைக் கிளப்பினார். வான் ரீனனில் ஏறும்போது இருட்டு. அம்மா மடியில் தேநீர் ஃபிளாஸ்க், காலடியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒரு டின் நிறைய. பெட்ரோலுக்குத் தவிர அப்பா எங்கும் நிறுத்தவில்லை. தங்கை சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அழுதபோது சாலையோரப் புல்லுக்குள் அம்மா அழைத்துப் போனார். காரின் இயந்திரத்தை அணைக்காமல் அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு டயர் பஞ்சரானால் அந்த இரவை எங்கே கழிப்பது என்பதுதான் அவர் மனத்தில் ஓடியிருக்கும் என்று இப்போது எனக்குப் புரிகிறது. கிம்பர்லி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அவர் பேசினார்.

1992இல் நானும் என் மனைவியும் எங்கள் சொந்தக் கேரவனோடு புளூம்ஃபொன்டைனுக்கு வெளியே ஒரு பண்ணையில் முதல் முறையாகத் தங்கினோம். மனைவி அன்று இரவு வெகு நேரம் விளக்கை அணைக்கவில்லை. வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்துக் கேரவனில் இருந்த வயதான ஆஃப்ரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) ஒருவர் டார்ச் விளக்கோடு நின்று, "உங்கள் தண்ணீர்க் குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள், காலையில் உறைந்து வெடித்துவிடும்" என்று சொல்லிவிட்டு, எனக்காகக் காத்திராமல் தானே குனிந்து அதைக் கழற்றிக் கொடுத்தார். நாங்கள் அதன் பிறகு தூங்கினோம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி குழாயைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த இரவு நினைவுக்கு வந்தது.

தம்பி, அப்பாவிடம் "காலம் மாறிவிட்டது" என்று சொல்லாதீர்கள். அவர் எந்த ஊரில் எப்போது நிறுத்த முடியாமல் போனது என்று அவரையே கேளுங்கள். உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும். இடத்தைப் பொறுத்தவரை, வாயிலில் ஆள் இருந்து பெயர் கேட்டு வரவேற்கும் சிறிய பண்ணை இடம் அவருக்கு ஏற்றது. பெரிய பொழுதுபோக்கு விடுதிகளில் விடுமுறை நாட்களில் கூட்டமும் இசையும் இரவு முழுக்க இருக்கும், அவருக்கு மனம் இன்னும் கலங்கும்.

சாட்ஸ்வர்த் வாசி

ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். கிம்பர்லிப் பகுதி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, 1959இல் வார்டன் அருகே தன் மாமாவின் பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) நின்றுபோன கதையைச் சொல்லத் தொடங்கினார். ஐம்பது வயதாகும் எனக்கு இந்தக் கதை இதுவரை தெரியாது. மாலை நான்கு மணிக்கு வண்டி நின்றதாம். பொழுது இறங்குவதற்குள் அதை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று மாமா தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி விசிறிப் பட்டைக்குப் பதிலாகக் கட்டினாராம். மகன்கள் இருவரும் அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவில் "லேடிஸ்மித்தில் முதல் ராத்திரி என்றால் நான் வருகிறேன்" என்றார்.

நேற்று மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதல் இடத்தில் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் எல்லாம் சரி, ஆனால் வாயில் ஐந்து மணிக்கே மூடுவார்கள். மூன்றாவது, நகருக்கு மேற்கே ஒரு மேட்டில் உள்ள பண்ணை. ஆறு கேரவன்களுக்கு மட்டும் இடம், இரண்டு ஜோஜோ தொட்டி, விறகுக் கொதிகலன், குளியல் கட்டடத்துக்கு அருகில் வடக்கைப் பார்த்த இடத்தைப் பெரியவருக்காக ஒதுக்குவதாக அந்த அம்மாளே சொன்னார். வேலியைச் சுற்றித் தீத்தடுப்புப் பட்டை இருக்கிறதா என்று கேட்டபோது, "மே மாதமே உழுதுவிட்டோம், வந்து நடந்து பாருங்கள்" என்றார். அங்கேயே மூன்று இரவுக்கும் முன்பணம் கட்டிவிட்டேன்.

எண்ணெய் ஹீட்டர் வாங்கியாயிற்று. பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் பழசாகிவிட்டதால் மனைவி புதிதாக வாங்கச் சொல்லியிருக்கிறாள். அக்கா, உங்களுக்குக் கறிவேப்பிலை எவ்வளவு கொண்டுவரட்டும்?

பதில் 2: புளூம்ஃபொன்டைன் அக்கா

ஒரு கட்டு போதும் தம்பி. வேரோடு ஒரு சின்னக் கன்று கிடைத்தால் அதையும் கொண்டு வாருங்கள், சமையலறைச் சன்னலுக்குள் தொட்டியில் வைத்துக் குளிரிலிருந்து காப்பாற்றிப் பார்க்கிறேன். நீங்கள் வந்து சேரும் மாலை, கேரவனை நிறுத்திச் சமன் செய்து முடிப்பதற்குள் ஆறு மணியாகிவிடும், அப்போது போய் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம். மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள். அப்பாவுக்கு இரவில் சோறா, ரொட்டியா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.